சார்ஜ் உள்ளவர்கள் உள்ளே வரக் கூடாது

சலூன்காரரின் மனைவிக்கு நிறைமாதம். அந்த நேரம் பார்த்து அவளுடைய காது மிஷின் வாயை மூடிக்கொண்டது.

சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலில் போன காது அது. மிஷினை மாட்டினால் தெருமுனையில் காய்கறி வண்டிக்காரர் விலையைக் குறைப்பது வரைக்கும் கேட்கும். கழற்றிவிட்டால் இடி விழுந்தாலும், யாரோ மெல்லக் கதவைத் தட்டுகிறார்கள் என்று போய்த் திறந்து பார்ப்பாள். கல்யாணமாகி வெகுநாள் காத்திருந்து உண்டான குழந்தை. மசக்கையில்கூட அவள் இது வேண்டும், அது வேண்டும் என்று கேட்கவில்லை. பிறந்ததும் குழந்தை அழுமே, அந்த முதல் அழுகையைக் காதால் கேட்டுவிட வேண்டும். அது ஒன்றுதான் அவள் ஆசை.

“நீங்க பேசுறத உதட்டப் பாத்துப் புரிஞ்சுக்குவேன். அழுகைய எப்படிங்க உதட்டுல பாக்குறது? எல்லாப் புள்ளையும் ஒரே மாதிரிதான் வாயத் தொறக்கும். எம்புள்ள எப்படி அழுதுச்சுன்னு நாளைக்கு யாராவது கேட்டா நான் என்ன சொல்றது?” என்றாள்.

சலூன்காரர் மிஷினைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு மூலைக்கடை ரேடியோ மெக்கானிக்கிடம் ஓடினார். மெக்கானிக் அதைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

“தொட மாட்டேண்ணே. இதுக்குள்ள சிப்புன்னு நுணுக்கமான சில்லு இருக்கு. நம்ம உடம்புல இருக்கிற மின்சாரம் பட்டா அது செத்துப் போயிடுமாம். இனிமே இதையெல்லாம் அரசாங்க நடுவத்துலதான் தொறக்கணும்னு உத்தரவு. மீறித் தொறந்தா கடைக்கு சீல்.”

“இத்தன வருஷமா தொட்டுக்கிட்டுத்தானய்யா இருந்தே?”

“அப்ப எங்கிட்ட மின்சாரம் இருக்குன்னு எனக்குத் தெரியாதுல்ல?”

விஷயம் பொய்யில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நடக்கும்போது, உட்கார்ந்து எழும்போது, துணியோடு துணி உரசும்போது நம் உடம்பில் கொஞ்சம் மின்னேற்றம் சேரத்தான் செய்கிறது. கதவுப்பிடியைத் தொட்டால் சுள்ளென்று கடிக்கிறதே, அதுதான். அந்தக் கடியை நாம் தாங்குவோம், கடுகளவு சில்லு தாங்காது. அதற்கு மருந்து ரொம்பச் சுலபம். ரிப்பேர் செய்கிறவர் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டி, அதன் ஒயரை எர்த்தில் மாட்டிக்கொண்டால் முடிந்தது. ஒரு பட்டை, ஒரு ஒயர், ஒரு எர்த். இவற்றைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள மேலிடம் ஓர் அமைப்பை உண்டாக்கியது. அது வளர்ந்து மூன்று மாடிக் கட்டடமாகி, தனக்கென்று ஒரு கேன்டீனும் கொடிக்கம்பமும் வைத்துக்கொண்டு, ‘நிலைமின் காப்பு நடுவம்’ என்று பெயர் சூட்டிக்கொண்டது.

நடுவத்தின் வாசலில் பெரிய எழுத்தில் ஒரு பலகை இருந்தது: ‘கவனம்! நீங்கள் ஓர் அபாயம்.’ சலூன்காரர் தலையைக் குனிந்துகொண்டே உள்ளே போனார்.

வரவேற்பு மேஜையில் ஓர் எழுத்தர். அவர் மணிக்கட்டில் பட்டை, பட்டையிலிருந்து ஒயர். பக்கத்து மேஜைக்காரருக்கும் அப்படியே. அந்த அலுவலகத்தில் ஒயர் இல்லாத ஆளே இல்லை. புதிதாகச் சேர்ந்தவருக்கு ஒயர் முழ நீளம். தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால் யாராவது கொண்டுவந்து ஊற்ற வேண்டும். எழுத்தரின் ஒயர் கழிவறை வரைக்கும் எட்டும். கண்காணிப்பாளரின் ஒயர் கேன்டீன் வரைக்கும் எட்டும். பதவி உயர உயர ஒயர் நீளும். தலைமை இன்சார்ஜின் ஒயர் சன்னல் வழியே இறங்கி, ரோட்டைத் தாண்டி, அவர் வீட்டுக்கே போகிறது என்று பேசிக்கொண்டார்கள். விடுமுறை நாளில் அவர் மனைவி அதில் துணி காயப்போடுகிறாராம்.

எழுத்தர் ஓர் இடுக்கியால் மிஷினை வாங்கி, பளபளக்கும் கருப்புப் பையில் போட்டார். சலூன்காரரின் கைபேசியையும் வாங்கி இன்னொரு கருப்புப் பையில் போட்டார்.

“என்ன தொழில்?”

“சலூன் வச்சிருக்கேன் சார்.”

எழுத்தர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார், ஒயர் விட்ட மட்டும்.

“சீப்பு?”

“இருக்கு சார்.”

“அத முடியில தேய்ப்பீங்க?”

“சீவுவேன் சார்.”

“தினமுமா?”

“வாரம் ஒரு நாள் லீவு சார்.”

“யோவ், சீப்பையும் முடியையும் தேய்ச்சா என்ன வரும்? பள்ளிக்கூடத்துல படிக்கலையா? நீங்க முடிவெட்டுறவர் இல்ல, மின் உற்பத்தியாளர். உற்பத்திக்கு லைசென்ஸ் வச்சிருக்கீங்களா?”

அவரைச் சோதனைக்கு உட்படுத்தினார்கள். சோதனை என்றால், காகிதத்தைப் பொடிப்பொடியாகக் கிழித்து, அவர் தலைக்கு மேலே பிடித்து, ஒட்டுகிறதா என்று பார்ப்பது. சலூன்காரர் தொழில்பக்தி உள்ளவர். காலையில் தலைக்கு நன்றாக எண்ணெய் தடவிக்கொண்டு வந்திருந்தார். கிழித்த காகிதம் அத்தனையும் ஒட்டிக்கொண்டது. அலுவலகமே எழுந்து நின்று பார்த்தது. இப்படி ஒரு ஆளை இதுவரை பார்த்ததில்லை என்று ஒரு பெரியவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டுச் சொன்னார்.

அவருடைய சட்டையைக் கழற்றச் சொல்லி, காப்பு அங்கி ஒன்றைக் கொடுத்தார்கள். பருத்தியில் இருக்க வேண்டிய அங்கி; குறைந்த விலை சொன்னவருக்கு டெண்டர் போனதால் பாலியெஸ்டரில் வந்திருந்தது. மாட்டிக்கொள்ளும்போதே பொரபொரவென்று பொரிந்தது. அது அங்கி தன் வேலையைச் செய்கிற சத்தம் என்று விளக்கினார்கள்.

“சரி, மேல மூணாவது மாடிக்குப் போயி இறக்கும் பெஞ்சுல உக்காருங்க. உடம்புல இருக்கிறதெல்லாம் இறங்கட்டும்.”

மூன்றாவது மாடியில் ஒரு நீளமான பெஞ்சு. பெஞ்சு முன்னால் ஒரு பெரிய பூந்தொட்டி. உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் தொட்டி மண்ணுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தார்கள். கட்டடத்தின் அத்தனை ஒயர்களும், சுவரேறி, மாடிப்படி ஏறி, அந்தத் தொட்டி மண்ணில்தான் வந்து குத்தியிருந்தன.

“எர்த்னா பூமிக்குள்ளல்ல சார் போகணும்?” என்று சலூன்காரர் அங்கிருந்த கண்காணிப்பாளரைக் கேட்டார். கேள்வி கேட்கும் எண்ணமில்லை. வாய் தவறி வந்துவிட்டது.

கண்காணிப்பாளர் இரக்கத்தோடு சிரித்தார். “எர்த்னா என்ன? மண்ணு. மண்ணு கீழ இருக்கு, நாங்க மூணாவது மாடியில இருக்கோம். பூமி ரொம்பத் தூரம்னு தெரிஞ்சதும் ஒரு கமிட்டி போட்டோம். கொஞ்சம் பூமிய மேல கொண்டுவந்துட்டோம்.”

தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றத் தனியாக ஓர் அலுவலர் இருந்தார். அவர் பெயர்ப்பலகையில் ‘பூமி பராமரிப்பு’ என்று போட்டிருந்தது. அவர் லீவு எடுத்தால் பூமி காய்ந்துவிடும் என்பதால் லீவே கிடைப்பதில்லை என்று வருத்தப்பட்டார்.

சலூன்காரரும் கையை மண்ணுக்குள் விட்டு உட்கார்ந்தார். சில்லென்றுதான் இருந்தது. ஆனால் மனசெல்லாம் வீட்டில். பக்கத்து வீட்டு அக்காவைத் துணைக்கு வைத்துவிட்டு வந்திருந்தார். இந்த நேரம் வலி எடுத்தால்?

கொஞ்ச நேரத்தில் தலைமை இன்சார்ஜ் வந்தார். பெஞ்சில் இருக்கிறவர்களுக்குத் தினமும் உரையாற்றுவது அவர் கடமை. பின்னால் ஒருவர் அவருடைய ஒயரைத் தரையில் படாமல் ஏந்திக்கொண்டு வந்தார்.

“பொதுமக்களே! இந்த நடுவம் தொடங்கிய நாள் முதல் இன்று வரை, இங்கு வந்த ஒரு சாதனம்கூட நிலைமின்சாரத்தால் சேதமடைந்ததில்லை. ஒன்றே ஒன்றுகூட! உலகத்தில் வேறு யாராவது இப்படி மார்தட்ட முடியுமா? எப்படிச் சாதித்தோம்? தொட்டால்தானே சேதம்? நாங்கள் தொடுவதில்லை. திறந்தால்தானே ஆபத்து? நாங்கள் திறப்பதில்லை. முன்பெல்லாம் தெருவுக்குத் தெரு மெக்கானிக் இருந்தார்கள். பத்து சாதனத்தைத் தொட்டால் ஒன்றைக் கொன்றுவிடுவார்கள்.”

“மீதி ஒன்பது ஓடுமே சார்?” என்றார் பெஞ்சில் ஒருவர்.

“அங்கேதான் தவறு செய்கிறீர்கள். ஓடுகிற சாதனத்துக்கு எந்த நேரமும் ஆபத்து வரலாம். ஓடாத சாதனத்தை எந்த மின்சாரம் என்ன செய்துவிட முடியும்? எனவே உங்கள் சாதனத்தை ஓடாத நிலையிலேயே, ஒரு கீறல் விழாமல், நாங்கள் பாதுகாக்கிறோம்.”

எல்லாரும் ஒரு கை மண்ணுக்குள் இருந்ததால் கைதட்ட முடியவில்லை. இன்னொரு கையால் தொடையைத் தட்டினார்கள்.

உரை முடிந்ததும் அவர் நேராக ரிப்பேர் அறைக்குப் போனார். அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெஞ்சுக்கு எதிரே கண்ணாடிக் கதவு போட்ட அறை அது. உள்ளே ஒரே ஒரு டெக்னீஷியன் அக்கா. சில்லுகளுக்காக அங்கே ஏசி வைத்திருந்தார்கள். அந்தக் கட்டடத்திலேயே ஏசி உள்ள அறை அது ஒன்றுதான். அதனால் எல்லா அதிகாரிகளுக்கும் அடிக்கடி அந்த அறையை ஆய்வு செய்ய வேண்டியிருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு கட்டாயம் ஆய்வு செய்தாக வேண்டும்.

ஆனால் கதவில் ஒரு சுற்றறிக்கை ஒட்டியிருந்தது. அதை எழுதியவர் எங்கோ மேலே, விஷயம் தெரிந்த யாரோ. ‘உடம்பில் சார்ஜ் சேர்ந்தவர்கள்’ என்ற பொருளில்தான் அவர் எழுதியிருப்பார்: ‘சார்ஜ் உள்ள எவரும் இவ்வறைக்குள் நுழையக் கூடாது. சார்ஜை வெளியிலேயே இறக்கிவிட்டு வரவும்.’ அலுவலகத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே ஓர் அர்த்தம்தான் உண்டு. சார்ஜ் என்றால் பொறுப்பு. சார்ஜ் எடுப்பார்கள், சார்ஜ் ஒப்படைப்பார்கள், கூடுதல் சார்ஜ் பார்ப்பார்கள். எனவே சுற்றறிக்கை வந்த அன்றே எல்லாரும் புரிந்துகொண்டார்கள்: பொறுப்பில் இருக்கும் யாரும் அறைக்குள் போகக் கூடாது, போக வேண்டுமானால் பொறுப்பை வாசலில் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும்.

யாரிடம் ஒப்படைப்பது? வாசலில் இருப்பவர் காவலர் ஒருவர்தான்.

சலூன்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். தலைமை இன்சார்ஜ் கதவருகே நின்று, தன் ரப்பர் முத்திரையைக் காவலர் கையில் கொடுத்து, “சார்ஜ் ஒப்படைச்சுட்டேன்” என்றார். காவலர் எழுந்து நின்று, “சார்ஜ் எடுத்துக்கிட்டேன் சார்” என்று சொல்லி, முத்திரையைத் தன் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். அடுத்து கண்காணிப்பாளர். அடுத்து கணக்குப் பிரிவு இன்சார்ஜ், கிடங்கு இன்சார்ஜ், இன்சார்ஜ்களுக்கான இன்சார்ஜ். பூமி பராமரிப்பவர்கூடத் தண்ணீர்க் குவளையைக் காவலரிடம் கொடுத்துவிட்டு உள்ளே நழுவினார். எல்லாரும் போய் வரிசையாக உட்கார்ந்து, வெறும் மனிதர்களாகக் கண்ணை மூடினார்கள்.

டெக்னீஷியன் அக்கா மட்டும் விழித்திருந்தார். எதிரே தட்டில் கருப்புப் பைகள் குவிந்து கிடந்தன. அவற்றில் ஒன்று காது மிஷின். பொறுப்பானவர் உத்தரவு போட்டால்தான் அவர் திறக்கலாம். பொறுப்போடு யாரும் உள்ளே வர முடியாது. உள்ளே வருகிற யாருக்கும் உத்தரவு போடும் பொறுப்பு இல்லை. வெளியே இருக்கும்போதோ, பார்க்காத சாதனத்துக்கு எப்படி உத்தரவு போடுவது என்று கேட்பார்கள். வேலையில் சேர்ந்ததிலிருந்து அந்த அக்கா ஒரு திருகாணியைக்கூடக் கழற்றியதில்லை.

அப்போது கீழேயிருந்து ஒரு சத்தம். எழுத்தர் கத்திக்கொண்டு படியேறி வந்தார், ஒயர் விட்ட படி வரைக்கும். “பை அடிக்குது! யாரும் தொடாதீங்க! பை அடிக்குது!”

அது சலூன்காரரின் கைபேசி. அவர் மண்ணைவிட்டுக் கையை எடுத்துக்கொண்டு ஓடி, பையோடு சேர்த்து அமுக்கிக் காதில் வைத்தார். பக்கத்து வீட்டு அக்கா.

“தம்பி, வலி எடுத்துருச்சு! ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துட்டோம். அவ என்ன கேக்குறா தெரியுமா? வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லல. மிஷின் வந்துச்சா, மிஷின் வந்துச்சான்னு காதையே தொட்டுக் காட்டுறா. சீக்கிரம் வாங்க!”

சலூன்காரர் மேலே ஓடிவந்து கண்ணாடிக் கதவைத் தட்டினார். உள்ளே நன்றாகக் குறட்டை விட்டார்கள். காவலரிடம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“அண்ணே, எம்பொண்டாட்டிக்குப் பிரசவம்ணே. அந்த மிஷின மட்டும்...”

காவலர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கால்களைப் பின்னிக்கொண்டு நெளிந்துகொண்டிருந்தார். “தம்பி, உங்க அவசரம் எனக்குப் புரியுது. என் அவசரம் உங்களுக்குப் புரியுதா? காலையிலேருந்து ஒன்னுக்குப் போகல. சார்ஜோட எந்த இடத்துக்கும் போகக் கூடாது. இவ்வளவு பேரு சார்ஜையும் வச்சுக்கிட்டு நான் எப்படிப் போவேன்? யாராவது ஒருத்தர் எடுத்துக்கிட்டாத்தான்...”

இரண்டு பேரும் ஒரு கணம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நான் வச்சுக்கட்டுமாண்ணே?”

“சொல்லுங்க, சார்ஜ் எடுத்துக்கிட்டேன்னு சொல்லுங்க! சீக்கிரம்!”

“சார்ஜ் எடுத்துக்கிட்டேன்.”

பை கைமாறியது. காவலர் படிகளில் பறந்தார். மூன்று மாடிக் கட்டடமும், அதன் கணக்கும், கிடங்கும், கேன்டீனும், கொடிக்கம்பமும், தொட்டியிலிருந்த பூமியும் சலூன்காரரின் தோளில் தொங்கின. அவருக்கு அது புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் கதவிலிருந்த சின்னத் திறப்பில் வாயை வைத்தார்.

“அக்கா! அந்தக் காது மிஷினத் தொறங்க.”

“யார் உத்தரவு?”

“இன்சார்ஜ் உத்தரவு.”

“எந்த இன்சார்ஜ்?”

“எல்லா இன்சார்ஜும்!” என்று முத்திரைப் பையைத் தூக்கிக் காட்டினார்.

அக்காவின் முகம் மலர்ந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மணிக்கட்டுப் பட்டையை இறுக்கி, விரல்களைச் சொடுக்கிக்கொண்டு, பையைப் பிரித்தார். திருகாணி சத்தம் கேட்டுத் தலைமை இன்சார்ஜ் பதறி விழித்தார். அந்த நடுவத்தில் அதுவரை கேட்காத சத்தம் அது.

“என்ன பண்றே? யாரக் கேட்டுத் தொறந்தே? நான் இருக்கேன்ல?”

“இருக்கீங்க சார். ஆனா இப்ப நீங்க யாருமில்ல. சார்ஜ் வெளிய நிக்குது” என்றார் அக்கா, நிமிராமல்.

தலைமை இன்சார்ஜ் கண்ணாடி வழியே வெளியே பார்த்தார். தலையெல்லாம் காகிதத்துணுக்கு ஒட்டிய ஓர் ஆள் அவர் முத்திரையை வைத்துக்கொண்டு நின்றார். விதிப்படி மரியாதை செய்வதா, திட்டுவதா என்று தெரியாமல் அவர் பாதி எழுந்த நிலையிலேயே நின்றுவிட்டார்.

அக்கா பேட்டரி மூடியைத் திறந்து, உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் வைத்துப் பார்த்தார். “உங்களுக்கு என்ன தொழில்?”

“சலூன்.”

“தெரியுது.”

பேட்டரிக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு மயிரிழை. யாரோ வாடிக்கையாளரின் தலையிலிருந்து சலூன்காரர் சட்டைக்கு வந்து, சட்டையிலிருந்து வீட்டுக்கு வந்து, மிஷினுக்குள் புகுந்த துண்டு முடி. அக்கா இடுக்கியால் அதை எடுத்துப் போட்டார். மூடினார். மிஷின் ‘கீ’ என்று கத்தியது. அக்காவும் சந்தோஷத்தில் கிட்டத்தட்ட அதே மாதிரி கத்தினார். பிறகு அதைக் கருப்புப் பைக்குள் பத்திரமாகப் போட்டுத் திறப்பு வழியே நீட்டினார்.

“ஓடுங்க. பையப் பிரிக்கும்போது மட்டும் நீங்க தொடாதீங்க. அந்த அங்கியோட ஓடுனா உங்க உடம்புல உண்மையாவே ஏறிடும்.”

சலூன்காரர் ஓடினார். தோளில் முத்திரைப் பை இருப்பது அவர் நினைவிலேயே இல்லை.

“சார்ஜ்! டேய், சார்ஜ வச்சுட்டுப் போ!” என்று தலைமை இன்சார்ஜ் அலறினார். அத்தனை அதிகாரிகளும் ஒரே நேரத்தில் கதவை நோக்கிப் பாய்ந்தார்கள். அத்தனை ஒயர்களும் ஒரே நேரத்தில் விறைத்தன. தொட்டி மெல்ல நகர்ந்து, சாய்ந்து, டமாரென்று விழுந்தது. பூமி இரண்டாகப் பிளந்தது. பராமரிப்பவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

ஆஸ்பத்திரி வரைக்கும் சலூன்காரர் பொரபொரவென்று பொரிந்துகொண்டே ஓடினார். பிரசவ அறை வாசலில் பக்கத்து வீட்டு அக்கா. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை.

“பொறந்துருச்சா?”

“இப்பத்தான் பொறந்துச்சு. பொண்ணு. மூச்சு, நிறம் எல்லாம் ஒழுங்கா இருக்காம். அழத்தான் மாட்டேங்குதாம். சும்மா எல்லாரையும் முழிச்சு முழிச்சுப் பாக்குதாம்.”

நர்ஸ் எட்டிப் பார்த்தார். “நீங்கதான் அப்பாவா? வாங்க, வாங்க. அவங்க ஓயாம காதையே காட்டுறாங்க, மிஷின் எங்கன்னு கேக்குறாங்க.”

உள்ளே மனைவி வேர்த்து விறுவிறுத்துக் கிடந்தாள். கண்கள் கணவரின் கையில் இருந்த பையின் மேல்தான். சலூன்காரர் அவளருகே ஓடி, சட்டென்று நின்றார்.

“நர்ஸம்மா, நீங்களே பிரிச்சு மாட்டுங்க. நான் தொட மாட்டேன். எங்கிட்ட சார்ஜ் இருக்கு.”

நர்ஸ் தன் கையிலிருந்த கையுறையைப் பார்த்துவிட்டு, அவர் தலையில் ஒட்டியிருந்த காகிதங்களையும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் மிஷினை எடுத்து மனைவியின் காதில் மாட்டினார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு குழந்தையைப் பார்த்தாள். குழந்தை பேசாமல் டாக்டரைப் பார்த்தது. டாக்டர் உள்ளங்காலைத் தட்டிப் பார்த்தார். ம்ஹும்.

“எந்தங்கம்” என்று சலூன்காரர் தன்னை மறந்து குனிந்து, ஒரு விரலால் அந்தச் சின்னக் காலைத் தொடப் போனார்.

விரல் படுவதற்கு முன்னாலேயே ‘டிக்’ என்று ஒரு பொறி.

குழந்தை வீறிட்டது. ஆஸ்பத்திரி ஓடு பறக்கிற மாதிரி ஒரு வீறல். கை கால் எல்லாவற்றையும் உதறி, உலகத்தில் யார் தன்னைக் கடித்தது என்று கேட்கிற மாதிரி ஓர் அழுகை. மனைவி முதலில் திடுக்கிட்டாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து காது மிஷின் வரைக்கும் போனது.

“கேக்குதா?” என்றார் சலூன்காரர். அவர் குரலும் உடைந்திருந்தது.

“ஐயோ, எவ்வளவு கோவம்! அச்சு அசல் உங்க அம்மா குரல்” என்றாள் அவள், அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும்.

கிளம்புகிற அன்று நர்ஸ் வந்து, “இன்னைக்கு டிஸ்சார்ஜ்” என்றார். “அது பொறந்தப்பவே ஆயிடுச்சும்மா” என்றார் சலூன்காரர். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு குழந்தை அழுவதை ஒரு வேலையாகவே எடுத்துக்கொண்டது. பசித்தால் அழுதது, வயிறு நிறைந்தால் அழுதது, ஏன் அழவில்லை என்று நாம் நினைத்தால் அதற்கும் அழுதது. பக்கத்து வீட்டு அக்கா காதில் பஞ்சு வைத்துக்கொண்டார். சலூன்காரர் கடையை விட்டு வரவே யோசித்தார். அவர் மனைவி மட்டும் குளிக்கிற நேரம், தூங்குகிற நேரம் தவிர மிஷினைக் கழற்றவில்லை. “கொஞ்ச நேரம் கழட்டி வச்சுட்டு ஓய்வா இரேன்” என்று யாராவது சொன்னால் அவர்களை விரோதியைப் பார்ப்பதுபோலப் பார்ப்பாள்.

ஒருநாள் வாசலில் தலைமை இன்சார்ஜ் வந்து நின்றார். கூடவே எழுத்தர், காவலர், பின்னால் எல்லாருடைய ஒயர்களையும் ஏந்திக்கொண்டு ஓர் ஆள். ஒயர்களைத் தெருக்கோடி வரைக்கும் நீட்டியிருந்தார்கள்; சைக்கிள்காரர்கள் இறங்கி இறங்கிப் போனார்கள். தலைமை இன்சார்ஜ் ஒரு காகிதத்தை நீட்டினார்.

“உங்க மேல சார்ஜ் மெமோ கொண்டுவந்திருக்கோம். நடுவத்தோட சார்ஜ் முழுசையும் எடுத்துக்கிட்டு ஓடிப் போயிட்டீங்க. இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க.”

“குத்தவாளி போட வேண்டிய கையெழுத்தா சார்?”

“இல்ல. மெமோ கொடுக்கிற இன்சார்ஜ் போட வேண்டியது. இப்ப அதுவும் நீங்கதான்” என்று எழுத்தர் கூச்சத்தோடு சொன்னார். “சம்பளப் பட்டியலும் கொண்டுவந்திருக்கோம். கையோட அதையும் பாத்துட்டீங்கன்னா...”

சலூன்காரர் உள்ளே போய் முத்திரைப் பையைக் கொண்டுவந்து கொடுத்தார். “எல்லாம் இதுல இருக்கு சார். தண்ணிக் குவளை முதற்கொண்டு இருக்கு. எடுத்துட்டுப் போங்க.”

தலைமை இன்சார்ஜ் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அவமானப்பட்டவர்போல நிமிர்ந்தார். “முத்திரை வெறும் ரப்பர். சார்ஜ் எங்க?”

சலூன்காரருக்குப் பொய் சொல்லத் தெரியாது. “அது எங்கிட்ட இல்ல சார். அன்னைக்கே குழந்தைக்குப் போயிடுச்சு. ‘டிக்’னு ஒரு பொறியோட போச்சு. டாக்டரும் நர்ஸும் பாத்தாங்க.”

வந்தவர்கள் கூடிப் பேசினார்கள். விதிகளைப் புரட்டினார்கள். சார்ஜ் வாங்குகிறவருக்கு இன்ன வயது இருக்க வேண்டும் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. பொறியோடு ஒப்படைக்கக் கூடாது என்றும் இல்லை. இரண்டு பேர் சாட்சி வேண்டும் என்றிருந்தது, அதுவும் இருந்தது. தலைமை இன்சார்ஜின் முகம் மெல்ல மாறியது. செருப்பைக் கழற்றினார். சட்டைப் பொத்தானைச் சரிசெய்தார். உள்ளே வந்து, தொட்டிலுக்கு முன்னால் கைகட்டி நின்றார்.

குழந்தை தொட்டிலில் கிடந்து உச்சஸ்தாயியில் அழுதுகொண்டிருந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, காதில் மிஷினோடு, அதைக் கச்சேரி கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள்.

தலைமை இன்சார்ஜ் தொண்டையைக் கனைத்தார்.

“பெருமதிப்பிற்குரிய தலைமை இன்சார்ஜ் அவர்களே! தங்களின் நல்லாட்சியில், நமது நடுவம் தொடங்கிய நாள் முதல் இன்று வரை, ஒரு சாதனம்கூட...”

அவள் நிமிர்ந்து ஒருமுறை அவரைப் பார்த்தாள். பிறகு கையைக் காதுக்குக் கொண்டுபோய் மிஷினைக் கழற்றி, தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, குழந்தை வாயைத் திறந்து திறந்து அழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.